தெரு முழுக்கவா, நம்ம வீடு மட்டுமா

வாங்க சார். போனில் பேசினது நான்தான். செருப்போடயே வரலாம், பரவாயில்லை, வீடு இன்னைக்குக் கூட்டவில்லை. இதுதான் இன்வர்ட்டர். பேட்டரி பக்கத்தில், அந்தப் பலகைமேல் இருக்கிறது.

வாங்குகிறதுக்கு முன்னால் குறையெல்லாம் சொல்லிவிடுகிறேன். நான் எதையும் மறைக்கமாட்டேன் சார். மேல் மூடியில் ஓரமாக ஒரு கீறல் இருக்கிறது பாருங்க, அது வயர்மேன் சுத்தியல் பட்டது. உள்ளே ஒன்றும் ஆகவில்லை. பேட்டரியில் தண்ணீர் அளவு காட்டுகிற மிதவை ஒன்று சிக்கிக்கொள்ளும். மேலேயே நிற்கும், தண்ணீர் நிறைய இருக்கிற மாதிரி ஏமாற்றும். அதை மட்டும் நம்பாதீங்க, மூடியைத் திருகிப் பார்த்துத்தான் ஊற்றணும். அப்புறம், வாங்கிக் கொஞ்ச காலம்தான் ஆகிறது என்றாலும் பேட்டரி கொஞ்சம் உழைத்திருக்கிறது. எங்கள் வீட்டில் ராத்திரி கரண்ட் போனாலும் ஒரு லைட் எரிந்தே ஆகணும். அம்மா இறந்த பிறகு அப்பா லைட்டை அணைத்துவிட்டுத் தூங்கமாட்டார். பழக்கம்தான், வேறு ஒன்றுமில்லை.

இவ்வளவுதான் குறை. நீங்கள் கைக்குழந்தைக்கு என்றுதானே சொன்னீங்க? ஃபேனுக்கும் லைட்டுக்கும் தாராளமாகப் போதும்.

ஏன் விற்கிறாய் என்று கேட்கிறீங்க. நியாயம்தான், புதுசாக இருக்கிறதை விற்றால் யாருக்கும் சந்தேகம் வரும். சார், பொருளில் ஒரு குறையும் இல்லை. உள்ளதைச் சொல்லவா? ஆட்டோக்காரர் டீ குடித்துவிட்டு வரட்டும். உட்காருங்க, அந்த நாற்காலி ஆடாது, இது ஆடும்.

நான் மின்சாரம் படித்தேன் சார், பி.இ. எங்கள் குடும்பத்தில் டிகிரி என்று ஒன்று வாங்கியது நான்தான் முதல் ஆள். அப்பா சீனிராஜ், பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் புரோட்டா மாஸ்டர். நீங்கள் சாத்தூர்ப் பக்கம் என்றால் அவர் கையால் ஒரு தடவையாவது சாப்பிட்டிருப்பீங்க. மாவை வீசிக்கொண்டே எல்லாரிடமும் சொல்வார், "எம்மக கரண்ட்டுக்கே படிச்சிருக்கா" என்று. "அப்ப எங்க தெருவுல கரண்ட் போனா ஒம்மகளக் கூப்பிட்டுக்கிடலாமா மாஸ்டர்?" என்று சாப்பிடுகிறவர்கள் கேட்பார்கள். "அவ வந்தா போன கரண்ட்டு பயந்துகிட்டுத் திரும்பி வந்துரும்யா" என்பார். கடையே சிரிக்கும். நான் பார்சல் வாங்கப் போகிற நாளில் இதைச் சொன்னால் எனக்கு எங்கே ஒளிவது என்று தெரியாது. ஆனால் உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருக்கும்.

அப்பா எனக்கு ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொன்னதில்லை சார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அவரைத் தப்பாக நினைத்துவிடுவீங்க. இஞ்சினியரிங் என்றேன், சரி தாயி என்றார். ஹாஸ்டல் வேண்டாம், தினமும் பஸ்ஸில் போய்வருகிறேன் என்றேன், அதற்கும் சரி தாயி. பூனேயில் ஒரு கம்பெனி, வேலை கிடைத்தால் அங்கேதான் போகணும் என்று சொன்னபோதும் சரி தாயி என்றுதான் சொன்னார். சொல்லிவிட்டு எழுந்து போய்ப் பானையில் தண்ணீர் மொண்டு குடித்தார். வெயில் நேரம், தாகமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த இன்டர்வியூ ஆன்லைனில். போன் டேட்டாவில் செய்யலாமே என்பீங்க. பின்னாலே பாருங்க, தீப்பெட்டிக் குடோன், நாலு பக்கமும் தகரம். இந்தக் காம்பவுண்டுக்குள் போனில் பேச்சு கேட்கிறதே பெரிசு. மோடம்தான் கதி. சரி, ஆரம்பித்தது. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நடுவில் கரண்ட் போனது. போனது என்றுகூடச் சொல்ல முடியாது சார், ஃபேன் நிற்கக்கூட இல்லை, அதற்குள் வந்துவிட்டது. ஆனால் மோடத்துக்கு அது போதும். அது அணைந்து, திரும்ப விழித்து, பச்சை விளக்கு ஒவ்வொன்றாகப் போட்டு முடிப்பதற்குள் அங்கே எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள்.

நான் அழுதேன். அன்றைக்கு அப்பா கடையிலிருந்து முட்டைப் புரோட்டா சூடாகக் கொண்டுவந்தார். சால்னா தனியாக, எனக்குப் பிடிக்கிற மாதிரி கெட்டியாக. "போனாப் போகுது விடு தாயி. பூனேன்னா ஊரு தெரியாது, பாசை தெரியாது. அங்க என்னத்தத் திம்ப?" என்றார். அன்று அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. நான் உடைந்து போகக்கூடாது என்பதற்காகத் தன் வருத்தத்தை மறைக்கிறார் என்று நினைத்தேன். இப்படிப்பட்ட அப்பா யாருக்குக் கிடைப்பார் என்று நினைத்தேன் சார்.

கரண்ட்டுக்குப் படித்தவள் கரண்ட்டிடம் தோற்கக்கூடாது இல்லையா? காரணம் கண்டுபிடிக்க இறங்கினேன். இது உங்களுக்கும் உதவும், கேட்டுக்கோங்க. கரண்ட் ஒரு நொடி போய் வந்தால் முதலில் வெளியே பார்க்கணும். தெரு முழுக்கப் போய் வந்ததா, நம் வீடு மட்டுமா? தெரு முழுக்க என்றால் கோளாறு வெளியே இருக்கும். பெரும்பாலும் காற்றில் எங்கேயோ மரக்கிளை கம்பியைத் தொட்டிருக்கும். நம் வீடு மட்டும் என்றால் நம்முடைய வயரில் எங்கேயோ பிடி தளர்ந்திருக்கும். போகவே இல்லை, விளக்கு மங்கி மங்கி எரிகிறது என்றால் பக்கத்தில் யாரோ பெரிய மோட்டார் போடுகிறார்கள். வீட்டு மனிதர்களுக்கு இந்த மூன்று தெரிந்தால் போதும், மற்றதை வயர்மேன் பார்த்துக்கொள்வார்.

இதை அப்பாவுக்கும் சொல்லிக்கொடுத்தேன். நான் குளிக்கும்போதோ கடைக்குப் போயிருக்கும்போதோ கரண்ட் போய் வந்தால் அவர்தானே பார்க்கணும்? பகலெல்லாம் வீட்டில்தான் இருப்பார், சாயந்திரக் கடை. அருமையாகக் கற்றுக்கொண்டார் சார். ஃபேன் ஒரு சுற்று தயங்கினால் போதும், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடுவார். எதிர்வீட்டு டி.வி. சத்தம் கேட்கிறதா என்று காது கொடுப்பார். எனக்கு முந்திக்கொண்டு அவரே கேட்பார், "தெரு முழுக்கவா, நம்ம வீடு மட்டுமா?" கடையில் சாப்பிட வருகிறவர்களுக்கும் பாடம் எடுத்திருக்கிறார். கடைக்குப் போனதும் எனக்கு ஒரு போன் பண்ணுவார். சாப்பிட்டியா, என்ன செய்கிறாய், எதுவும் கேட்கமாட்டார். "கரண்ட் இருக்கா தாயி?" இருக்குப்பா என்பேன். "அப்பச் சரி" என்று வைத்துவிடுவார். தினமும்.

மோடத்தைப் பற்றியும் நான்தான் சொன்னேன். "கண்ணை மூடித் திறக்கிற நேரம் போனாலும் போதும்ப்பா. இது செத்துப் பிழைச்சு வரணும். அதுவரைக்கும் கம்பெனிக்காரங்க காத்திருக்கமாட்டாங்க" என்றேன்.

"அம்புட்டு நேரம் போதுமா?" என்றார்.

"போதும்ப்பா."

கொஞ்சம் கழித்து மறுபடியும் கேட்டார். "கண்ண மூடித் தொறக்குற நேரமா?"

எவ்வளவு அக்கறை என்று நினைத்தேன்.

சரி, சுருக்கமாகச் சொல்கிறேன். தெருமுனையில் வாகைமரக் கிளை கம்பியை உரசிக்கொண்டிருந்தது. கரண்ட் ஆபீஸில் சொன்னேன், வந்து வெட்டிக்கொடுத்தார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். எங்கள் வீட்டில் மட்டும் போவதற்கு என்ன காரணம் என்று பார்த்தால், வாசலில் மீட்டருக்குக் கீழே பழைய மெயின் சுவிட்ச், உள்ளே வயர் தளர்ந்து கருகிப்போய் இருந்தது. வயர்மேனைக் கூப்பிட்டு அதையே மாற்றினேன். பழையது துருப்பிடித்தது சார், இரண்டு கையால் இழுத்தால்தான் இறங்கும். புதுசு ஒரு விரலுக்கு இறங்கும், ஒரு விரலுக்கு ஏறும். அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஏற்றி இறக்கிப் பார்த்தார். "நல்லாருக்கு தாயி" என்றார்.

அதற்குப் பிறகு கரண்ட் அசையவே இல்லை. காற்றடித்தாலும் சரி, மழை தூறினாலும் சரி. எனக்கு வேலையே கிடைத்த மாதிரி சந்தோஷம்.

அடுத்து அகமதாபாத் கம்பெனி. காலையில் இன்டர்வியூ. கேள்வி கேட்டு முடித்தார்கள், நான் பதில் சொல்ல வாயெடுக்கிறேன், போய் வந்தது. ஒரு இமைப்பு. எதிர்வீட்டு டி.வி. நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. நம் வீடு மட்டும். எல்லாமே புதுசு, எப்படி? வாசலுக்கு ஓடினேன். அப்பா அங்கேதான் நின்றார், துண்டு தோளில். என்னைப் பார்த்ததும் கேட்டார், "தெரு முழுக்கவா, நம்ம வீடு மட்டுமா?"

பக்கத்து வீட்டில் கிரைண்டர் சத்தம். ஜெயந்தி அக்கா, மாவு அரைத்து விற்கிறவர். பெரிய கிரைண்டர். அவர்கள்தான் என்று முடிவு பண்ணிவிட்டேன். கிரைண்டர் போட்டால் விளக்கு மங்கும், அணையாது. அது என் பாடத்திலேயே இருக்கிறது. தெரிந்துதான் கேட்டேன் சார். வேறு யாரைக் கேட்பது?

"ஏன்க்கா, இன்னைக்கு எனக்கு இன்டர்வியூன்னு நேத்தே சொன்னேன்ல? ஒரு மணி நேரம் நிறுத்தி வைக்கக்கூடாதா?"

"ஏன் இஞ்சினியரம்மா, ஒன் இன்டர்வியூவுக்கு என் உளுந்தும் லீவு போடணுமா?"

"உங்க கிரைண்டராலதான் என் வாழ்க்கையே போச்சு."

"என் கிரைண்டர் ஒன் வீட்டுக்குள்ள வந்து கரண்ட்ட நிறுத்துச்சாக்கும்! நல்லாக் கேளுடி, நல்லாக் கேளு..." என்று ஆரம்பித்தவர் என்னைத் தாண்டி அப்பாவைப் பார்த்தார். அப்புறம் குரல் இறங்கிவிட்டது. "சரி. என் கிரைண்டர்தான். போதுமா?" என்று உள்ளே போய்விட்டார்.

அப்பா என் கையைப் பிடித்தார். "சண்ட வேண்டாம் தாயி. பொம்பளப் பிள்ளையத் தனியா வச்சிக்கிட்டு வாழுறவ." அதிலிருந்து ஜெயந்தி அக்கா எங்களுக்கு மாவு தருவதில்லை. அன்றைக்கும் முட்டைப் புரோட்டா வந்தது.

அதற்கப்புறம்தான் இதை வாங்கினேன். டியூஷன் எடுத்ததில் வாங்கினது, முழுக்க என்னுடையது, அதனால் விற்க எனக்கு உரிமை இருக்கிறது. பின்பக்கம் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கு பாருங்க. அது இந்தப் பக்கம் இருந்தால் கரண்ட் போனதும் மோடம், கம்ப்யூட்டர்கூட அணையாமல் தாங்கும். அந்தப் பக்கம் தள்ளினால் மாறுகிறதுக்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும், ஃபேனுக்கு அது போதும். மெயின் போனதும் பீப் என்று ஒரு சத்தம் கொடுக்கும். அந்த பீப் எனக்கு எவ்வளவு தைரியம் கொடுத்தது தெரியுமா? கரண்ட் போய்விட்டது, ஆனால் நான் இருக்கிறேன் என்று சொல்கிற மாதிரி.

வயர்மேன் இங்கே சமையலறையில் மாட்டினார். இதிலிருந்து லைட், ஃபேன், மோடம் மூன்றுக்கும் போகிற வயருக்கு மட்டும் தனியாக இந்தச் சின்ன சுவிட்சை, எம்.சி.பி. என்பார்கள், போட்டார். "ஏதாவது வேலை பாக்கணும்னா இதை இறக்கிட்டுத் தொடுங்க" என்று விளக்கினார். அவர் ஏறி நின்ற நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். நான் டீ போட்டேன்.

அதிர்ஷ்டம் பாருங்க, முதலில் கூப்பிட்ட பூனே கம்பெனியே மறுபடியும் கூப்பிட்டது. அன்றைக்குக் கேள்வி கேட்ட அதே அம்மா. என்னை ஞாபகம் வைத்திருந்தார்கள். இந்தத் தடவை கரண்ட் ஒழுங்காக இருக்குமா என்று சிரித்தார்கள். நான் இன்வர்ட்டரைப் பற்றிச் சொன்னேன், மரக்கிளை, மெயின் சுவிட்ச், எல்லாம் சொன்னேன். ஒரு வீட்டுக்கே இவ்வளவு வேலை பார்த்திருக்கிறாயா என்று கேட்டார்கள். அந்தக் குரலிலேயே தெரிந்தது சார், வேலை எனக்குத்தான்.

அப்போது ஃபேன் தயங்கியது. மோடம் அணைந்தது.

நான் பீப் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. மெயின் போயிருந்தால் பீப் வந்திருக்கணும். சமையலறையில் ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம் கேட்கிறது. ஃபிரிட்ஜ் இன்வர்ட்டரில் இல்லை சார், நேராக மெயினில் இருக்கிறது. ஃபிரிட்ஜ் ஓடுகிறது என்றால் கரண்ட் போகவில்லை. கரண்ட் போகாமல் மோடம் அணைந்தால் என்ன அர்த்தம்? இதற்கு டிகிரி வேண்டாம். ஃபேன் மறுபடியும் வேகம் எடுத்தது.

எழுந்து இங்கே வந்தேன். நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் அப்பா நின்றார். கையில் தண்ணீர் டம்ளர். இன்னொரு கை அந்த எம்.சி.பி.க்குப் பக்கத்தில் இருந்து இறங்குகிறது. ஃபிரிட்ஜ் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஓடிக்கொண்டே இருக்கிறது. என்னைப் பார்த்ததும், பாவி மனுஷன், அந்தக் கேள்வியைக் கேட்டார் சார்.

"தெரு முழுக்கவா தாயி... நம்ம வீடு மட்டுமா?"

"நம்ம வீடு மட்டும்தான்ப்பா" என்றேன்.

அவ்வளவுதான் நான் பேசினது.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு செருப்புக்கூடப் போடாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். எந்த முகத்தோடு போனேன் என்று எனக்கே தெரியவில்லை. என்னைப் பார்த்ததும் ஜெயந்தி அக்கா எழுந்தார். ஓடுகிற கிரைண்டரை நிறுத்தினார். மகளைக் கூப்பிட்டு வைஃபை நம்பரைச் சொல்லச் சொன்னார். உளுந்து நுரைக்கு நடுவில் உட்கார்ந்து மறுபடியும் இன்டர்வியூவுக்குள் போனேன். அந்த அம்மா இன்னும் இருந்தார்கள். மன்னிக்கணும், வீட்டில் ஒரு பழுது என்றேன். சரி செய்துவிட்டாயா என்றார்கள். கண்டுபிடித்துவிட்டேன் என்றேன்.

வேலை கிடைத்துவிட்டது சார்.

முடிந்ததும் ஜெயந்தி அக்கா காப்பி கொடுத்தார். "அன்னைக்கே நான் பாத்தேன். ஒங்கப்பா வாசல்ல நின்னு மெயின எறக்கி ஏத்துனாரு. ஒரு விரல்லதான். வீட்டு விசயம்னு வாய மூடிக்கிட்டேன்" என்றார்.

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமேக்கா. நான் உங்களைத் திட்டினேனே."

"சொன்னா நீ நம்பியிருப்பியாக்கும்? கரண்ட்டுக்கே படிச்சவ." அப்புறம் கொஞ்சம் தணிந்து, "அந்த மனுசன் கையி நடுங்கிக்கிட்டு இருந்துச்சுடி. அதப் பாத்துட்டு எப்படிச் சொல்ல?" என்றார்.

கை நடுங்கினதாம்! மாவு வீசும்போது அந்தக் கை நடுங்கிப் பார்த்திருக்கிறீங்களா? எனக்கு அதுதான் ஆறவே இல்லை சார். போகாதே என்று வாயால் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், ஒருவேளை போகாமல்கூட இருந்திருப்பேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை. அதைச் சொல்லாமல், நான் சொல்லிக்கொடுத்ததை எடுத்து, நான் மாற்றின சுவிட்சில், என்மேலேயே... பேசாமல் ஒருத்தர் முதுகுக்குப் பின்னால் நின்று இணைப்பைப் பிடுங்குவது என்ன பழக்கம்? பெற்றவர் செய்கிற வேலையா?

அன்றைக்கும் முட்டைப் புரோட்டா கொண்டுவந்தார். சால்னா கெட்டியாக. நான் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

இல்லை, அவரிடம் நான் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது? வேலை கிடைத்ததையும் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நான் பொய் சொல்லமாட்டேன் சார், அது எனக்கு வராது. அந்தப் பை என்னுடையதுதான். இன்றைக்குச் சாயந்திரம் ரயில். அப்பா கடையிலிருந்து வரும்போது நான் மதுரையைத் தாண்டியிருப்பேன். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணிச் சொல்லிக்கொள்ளலாம்.

தனியாக எப்படி இருப்பாரா? அவர் என்ன குழந்தையா சார்? உங்கள் வீட்டில்தான் குழந்தை. இருப்பார். கரண்ட் போனால் எம்.சி.பி. எங்கே, மெயின் எங்கே என்று எல்லாம் தெரியும். எல்லாவற்றையும் நான்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேனே. இன்வர்ட்டர் எனக்காக வாங்கினது, என் மோடத்துக்காக. அவருக்கு எதற்கு? ஒரு லைட்டுக்கு இவ்வளவு பெரிய பேட்டரியா?

சரி, ஆட்டோக்காரர் வந்துவிட்டார், ஹாரன் கேட்கிறது. கழற்றிவிடலாம். நான் சொல்கிறபடி செய்யுங்க, அவசரப்படாதீங்க. முதலில் இதன் முன்பக்கப் பொத்தானை அணையுங்க. அணைத்தாச்சா? நான் வாசலில் மெயினை இறக்கிவிட்டு வருகிறேன்.

ம். இறக்கிவிட்டேன். பாருங்க, ஃபிரிட்ஜ் சத்தமும் நின்றுவிட்டது. இனிமேல் தொடலாம். பேட்டரியில் கறுப்பு வயரை முதலில் கழற்றணும், அப்புறம்தான் சிவப்பு. மாற்றிச் செய்யாதீங்க, ஸ்பானர் எங்கேயாவது பட்டால் தீப்பொறி பறக்கும். ஒரு கையால் பிடித்துக்கோங்க...

ஒரு நிமிஷம் சார். போன். அப்பாதான். கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார் போல. வாசலுக்குப் போனால்தான் நன்றாகக் கேட்கும், பரவாயில்லை, இங்கேயே எடுக்கிறேன்.

அப்பா.

ம்... ம்.

இருக்குப்பா.

ஆமா. கரண்ட் இருக்கு. ஃபேன் ஓடுது.

சரிப்பா. வச்சிரட்டுமா.

என்ன சார், ஏன் நிறுத்திட்டீங்க? என் முகத்தை ஏன் பார்க்கிறீங்க? கறுப்பு வயர் சார். அதை முதலில் கழற்றுங்க.